புதிதாகத் தத்தெடுத்த பூனைக்குட்டி சாப்பிட மறுக்கிறதா? ‘பழகிவிடும்’ என்று காத்திருப்பது ஏன் ஆபத்து?

பெங்களூரு: அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்திலிருந்தோ, டீக்கடையின் பின்புறத்திலிருந்தோ, சமூக வலைதள அறிவிப்பைப் பார்த்து முன்பின் அறியாத ஒருவரின் வீட்டிலிருந்தோ ஒரு பூனைக்குட்டி புதிய வீட்டுக்கு வந்து சேர்கிறது. முதல் நாள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. இரண்டாம் நாள் வெளியே வந்து விளையாடுகிறது. நான்காம் நாள் காலையில் வைத்த உணவு மாலை வரை தொடப்படாமல் இருக்கிறது. குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டபடி அமர்ந்திருக்கிறது, ஆனால் குடிப்பதில்லை. ‘புது இடம், பழகிவிடும்’ என்று வீட்டார் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கின்றனர். இரண்டு மாதக் குட்டிக்கு அந்த ஒரு நாள் மிக நீண்ட அவகாசம்.

பூனை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. நாய்க்குட்டி முனகும், வளர்ப்பவரைத் தேடி வரும். பூனைக்குட்டி ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். அதனால்தான் புது இடத்து அச்சமும் உயிருக்கு ஆபத்தான தொற்றும் முதல் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றுகின்றன. இரண்டையும் பிரித்தறியத் தெரியாததால் இழக்கப்படும் குட்டிகள் பல.

அச்சமா, நோயா?

அச்சத்தில் ஒளியும் குட்டி இரவில் வீடு அடங்கியதும் வெளியே வந்து சிறிதளவாவது உண்ணும். மணல் தட்டில் சிறுநீர் கழித்திருக்கும். அருகில் சென்றால் காதை மடக்கிச் சீறும் அல்லது ஓட முயலும். சீறுவதற்கு வலு இருப்பதே நல்ல அறிகுறிதான். நோயுற்ற குட்டி தூக்கினால் எதிர்ப்பின்றித் தொங்கும். கண்ணின் உள்மூலையிலிருந்து வெண்மையான மூன்றாவது இமை பாதிவரை ஏறியிருக்கும். வாயைத் திறந்து ஈறுகளைப் பார்த்தால் இளஞ்சிவப்புக்குப் பதிலாக வெளிறியோ, விரல் பட்டால் பிசுபிசுக்கும் அளவுக்கு உலர்ந்தோ இருக்கும்.

வீட்டில் இருக்க வேண்டிய முதல் கருவி, சமையலறையில் மாவு நிறுக்கும் சிறிய எடைக்கருவி. வளரும் குட்டியின் எடை வாரத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் கூட வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்து வந்தால், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எண்கள் எச்சரித்துவிடும். ஒரு நாள் எடை கூடாமல் இருந்தால் கவனிக்க வேண்டும்; குறைந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வயதை ஊகிக்கவும் இதே எடை உதவும். நல்ல ஊட்டத்துடன் உள்ள குட்டி ஒரு மாதத்தில் சுமார் 450 கிராமும், இரண்டு மாதத்தில் சுமார் 900 கிராமும் இருக்கும். ‘இரண்டு மாதக் குட்டி’ என்று சொல்லித் தரப்பட்டது 500 கிராம் மட்டுமே இருந்தால், அது மிகச் சிறியது அல்லது ஏற்கெனவே நலிந்தது. எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காமல் இருப்பதே முறை.

குட்டிகளுக்கு நேரம் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு ஓர் எளிய கணக்கு போதும். 700 கிராம் எடையுள்ள குட்டி சில முறை வாந்தி எடுத்து, சில முறை வயிற்றுப்போக்கும் ஆனால் 70 கிராம் நீரை இழந்துவிடும். அது அதன் எடையில் 10 சதவீதம். 60 கிலோ எடையுள்ள மனிதர் 6 லிட்டர் நீரை இழப்பதற்கு அது சமம். ஈரலில் சேர்த்துவைத்த சர்க்கரையும் குட்டிக்கு மிகக் குறைவு என்பதால், அரை நாள் உண்ணாவிட்டாலே ரத்தச் சர்க்கரை சரிந்து, உடல் குளிர்ந்து, மயக்கம் வரக்கூடும். வளர்ந்த பூனை ஒரு வேளை உண்ணாததையும் இரண்டு மாதக் குட்டி ஒரு வேளை உண்ணாததையும் ஒன்றாகக் கருத இயலாது.

ராய்ச்சூரில் பரவிய வைரஸ்

புதிதாக வந்த குட்டி மூன்று முதல் பத்து நாட்களுக்குள் திடீரெனச் சோர்ந்து, வாந்தி எடுத்தால் கால்நடை மருத்துவர்கள் முதலில் ஐயுறுவது எஃப்.பி.வி. எனப்படும் பூனைப் பார்வோ வைரஸை. 2025-ம் ஆண்டு தொடக்கத்தில் கர்நாடகத்தின் ராய்ச்சூர் பகுதியில் பூனைகள் அடுத்தடுத்து இறந்தபோது இந்த வைரஸின் பெயர் செய்திகளில் பரவலாக அடிபட்டது. பெங்களூருவிலும் பூனை வளர்ப்போர் அப்போது அச்சமுற்றனர். எனினும் இது புதிய நோயன்று. தடுப்பூசி பெறாத பூனைகள் நெருங்கி வாழும் எந்த நகரத்திலும் இது இருந்துகொண்டே இருக்கிறது. மழைக்காலத்தை ஒட்டிக் குட்டிகள் பெருகும் மாதங்களில் தலைதூக்குகிறது.

இந்த வைரஸ் வேகமாகப் பிரியும் உயிரணுக்களைத் தேடிச் செல்கிறது. உடலில் அத்தகைய உயிரணுக்கள் மிகுந்திருப்பது குடலின் உட்சுவரிலும் எலும்பு மஜ்ஜையிலும். குடல் சுவர் சிதைவதால் வாந்தி, வயிற்றுப்போக்கு, நீரிழப்பு ஏற்படுகின்றன. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் ரத்தத்தில் நுழைகின்றன. அவற்றை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களை உற்பத்தி செய்யும் மஜ்ஜையோ அதே வேளையில் முடங்கியிருக்கிறது. குட்டியைக் கொல்வது பெரும்பாலும் இந்த இரட்டைத் தாக்குதல்தான். சில குட்டிகள் வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடங்கும் முன்னரே ஒரே இரவில் இறந்துவிடுவதும் உண்டு. ‘யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்’ என்று அக்கம்பக்கத்தார் மீது ஐயம் எழுவது இத்தகைய மரணங்களின்போதுதான். விஷம் என்று முடிவு கட்டும் முன் இறந்த குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பரிசோதிப்பது நல்லது. வீட்டில் வேறு பூனை இருந்தால் அது கட்டாயம்.

கருவுற்ற தாய்ப்பூனைக்கு இத்தொற்று ஏற்பட்டால் குட்டிகளின் சிறுமூளை முழுமையாக வளராது. அவை பிறந்தது முதலே தள்ளாடித் தள்ளாடி நடக்கும். பார்ப்பதற்கு இரங்கத்தக்கதாக இருந்தாலும், அத்தகைய குட்டிகளுக்கு வலியில்லை. நிலை மோசமாவதும் இல்லை. நல்ல வீடு கிடைத்தால் நீண்ட நாள் வாழும். நேற்று வரை நேராக நடந்த குட்டி இன்று தள்ளாடினால் அது வேறு செய்தி. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நோயைக் கண்டறிவது கடினமன்று. சிறிதளவு மலத்தைக் கொண்டு, கொரோனா காலத்தில் வீட்டில் செய்த சோதனையைப் போன்ற பட்டைச் சோதனையைச் சில நிமிடங்களில் செய்யலாம். ‘தொற்று இல்லை’ என்று அது காட்டினாலும் சில வேளைகளில் தவறக்கூடும் என்பதால், ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையையும் மருத்துவர்கள் பார்க்கின்றனர். அண்மையில் தடுப்பூசி போடப்பட்டிருந்தால் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சோதனையில் மங்கலான கோடு தோன்றுவதற்கு அது காரணமாக இருக்கலாம்.

வைரஸை நேரடியாக அழிக்கும் மருந்து பரவலான பயன்பாட்டில் இல்லை. நரம்பு வழி திரவம், வாந்தியை நிறுத்தும் மருந்து, பாக்டீரியாவுக்கு எதிரான ஊசிகள், உடல் வெப்பத்தைக் காத்தல், இயன்றவரை விரைவாக உணவூட்டல் ஆகியவையே சிகிச்சை. மஜ்ஜை மீண்டெழும் வரை குட்டியை உயிருடன் நிறுத்திவைப்பதே நோக்கம். நூற்றில் ஒன்றுதான் பிழைக்கும் என்று ராய்ச்சூர் செய்திகளை ஒட்டிப் பேசப்பட்டது. சிகிச்சை இல்லாத இளங்குட்டிகளின் நிலை அதனை ஒட்டியதாகவே இருக்கும். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பூனைகளின் கதை வேறு. ஜெர்மனியின் மியூனிக் நகரில் சிகிச்சை பெற்ற 244 பூனைகள் குறித்து 2010-ல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ பாதிப் பூனைகள் உயிர்பிழைத்தன. முதல் ஐந்து நாட்களைத் தாண்டும் குட்டிகள் பெரும்பாலும் முழுமையாகத் தேறிவிடுகின்றன. எனவே ‘எப்படியும் இறந்துவிடும்’ என்று வீட்டிலேயே வைத்திருப்பதற்கு நியாயமில்லை.

இந்த வைரஸ் மனிதர்களைத் தாக்காது. அதே குடும்பத்தைச் சேர்ந்த நாய்ப் பார்வோ வைரஸ் 1978-ம் ஆண்டு வாக்கில் உலகெங்கும் நாய்களிடையே பரவியது. பூனை வைரஸை ஒத்த ஒன்றிலிருந்தே அது உருவானதாகக் கருதப்படுகிறது.

தும்மல், கண்ணில் நீர்

எல்லாச் சோர்வும் பார்வோ அன்று. தத்தெடுத்த குட்டிகளிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது ஹெர்பிஸ், கலிசி ஆகிய வைரஸ்களால் வரும் பூனைச் சளி. தும்மல், மூக்கடைப்பு, கண்ணில் பீளை, நாவில் புண் ஆகியவை அறிகுறிகள். பெங்களூருவின் டிசம்பர், ஜனவரி இரவுக் குளிரில் இது கூடுதலாகத் தொல்லை தரும். பூனை வாசனையை வைத்தே உணவை அறிகிறது. மூக்கு அடைத்தால் பசி இருந்தும் உண்ணாது. உணவை வெதுவெதுப்பாக்கி வைப்பதும், மூக்கைச் சுற்றி வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைத்துவிடுவதும் உதவும். ஆவி நிறைந்த குளியலறையில் சில நிமிடம் வைத்திருக்கலாம். வீட்டில் குழந்தைகளுக்குச் செய்வதுபோல் அந்த வெந்நீரில் நீலகிரித் தைலமோ கற்பூரம் கலந்த களிம்போ சேர்க்கக் கூடாது. இரண்டும் பூனைக்கு நஞ்சு. கண்ணை மூடியபடியே குட்டி இருந்தால் தாமதிக்கக் கூடாது. ஹெர்பிஸ் கருவிழியில் புண் ஏற்படுத்தும்.

உடல் மெலிந்து வயிறு மட்டும் உருண்டிருந்தால் பெரும்பாலும் குடற்புழு. தாய்ப்பாலின் வழியாகவே இது குட்டிக்கு வருவதால், தெருவில் பிறந்த குட்டிகளில் இது இல்லாததே அரிது. ரோமத்தைப் பிரித்துப் பார்த்தால் மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகள் தெரிகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஈரத் துணியில் வைத்தால் அப்புள்ளிகள் சிவப்பாகக் கசியும். தெள்ளுப்பூச்சி உறிஞ்சிய ரத்தத்தின் கழிவு அது. சிறு குட்டியில் தெள்ளுப்பூச்சி மிகுந்தால் ரத்தசோகையால் உயிரே போகலாம். ஆனால் நாய்களுக்கென விற்கும் தெள்ளு மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கிக் கொல்லும். அடர்ந்த பற்களுள்ள சீப்பால் வாரி, சோப்பு நீரில் மூழ்கடிப்பதே வீட்டளவில் பாதுகாப்பான வழி.

வயிற்றில் நீர் கோத்து, வாரக்கணக்கில் காய்ச்சல் நீடித்தால் பூனைக் கொரோனா வைரஸால் வரும் எஃப்.ஐ.பி. நோயையும் எண்ண வேண்டும். அண்மைக்காலம் வரை அது மரண தண்டனைக்கு ஒப்பாக இருந்தது. 2019-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சன் குழுவினர், ஜி.எஸ்.-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்கு அளித்து, 25 பூனைகள் நீண்டகாலம் உயிருடன் இருந்ததை வெளியிட்டனர். கொரோனா சிகிச்சையில் பேசப்பட்ட ரெம்டெசிவிர் மருந்தின் நெருங்கிய உறவு அது. இந்நோய் என்று உறுதியானால் நம்பிக்கை இழக்கத் தேவையில்லாத காலம் வந்துவிட்டது.

வாயோரம் அல்லது மலவாயில் நூல் தெரிந்தால் அதனை இழுக்கவே கூடாது. பூக்கட்டும் நூலும் நாரும் பல வீடுகளில் தரையில் கிடப்பவை. குட்டிகள் விளையாடியபடியே விழுங்கிவிடும். இழுத்தால் குடல் கத்தியால் அறுபட்டதுபோல் கிழியும். அறுவை சிகிச்சையே தீர்வு.

வீட்டு மருந்துப்பெட்டி வேண்டாம்

குட்டியின் உடல் சுடுகிறது என்று எண்ணிப் பாரசிட்டமால் கொடுப்பது நல்லெண்ணத்தில் நிகழும் மிகப் பெரிய தவறு. பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை, அதாவது 100.4 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. மனிதக் கைக்கு அது எப்போதும் காய்ச்சல்போலவே தோன்றும். பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ரத்தச் சிவப்பணுக்கள் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறுகள் பழுப்பாகி, முகம் வீங்கி, குட்டி மூச்சுத் திணறும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே வளர்ந்த பூனையைக் கொல்லப் போதுமானது. குட்டிக்கு அதில் ஒரு துண்டே மிகுதி. தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விரைந்து சென்றால் மாற்று மருந்து உண்டு.

பசும்பாலும் அவ்வாறே. பூனை என்றால் பால் என்பது நம் கதைகளில் ஊறிய எண்ணம். தாய்ப்பால் மறக்கும் பருவத்தில் பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துகொண்டே வரும். ஏற்கெனவே வயிற்றுப்போக்கு உள்ள குட்டிக்குப் பால் வைப்பது நீரிழப்பை விரைவுபடுத்தும். தேறட்டும் என்று பச்சைக் கோழி இறைச்சி கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளில் ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் இதே தொற்றால் இறந்தன. நன்கு வேகவைத்த, உப்பும் மசாலாவும் சேராத இறைச்சியால் இந்த ஆபத்து இல்லை.

மருத்துவமனைக்குச் செல்லும் வரை வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சூடேற்றுதல். வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துண்டில் சுற்றி அருகில் வைக்கலாம். குளிர்ந்து துவண்ட குட்டிக்குச் சிரிஞ்சில் உணவோ நீரோ புகட்டினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். உடல் சூடான பின், மயக்க நிலையில் இருந்தால், குளுக்கோஸ் கரைசலையோ சர்க்கரைப் பாகையோ விரல் நுனியில் தொட்டு ஈறில் தடவலாம். இது வழிப்பயணத்துக்கான ஏற்பாடு மட்டுமே.

பெங்களூருவில் தனியார் மருத்துவமனைகளின் கட்டணம் மாணவர்களுக்கும் விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் இளைஞர்களுக்கும் தயக்கத்தை ஏற்படுத்துவது இயல்பு. ஹெப்பாளில் 1958 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, செல்லப் பிராணிகளுக்கும் சிகிச்சை அளிக்கிறது. 1991-ல் தொடங்கப்பட்ட ‘கூபா’ போன்ற விலங்கு நல அமைப்புகளும் நகரில் உள்ளன. எங்கு செல்வது, இரவில் எது திறந்திருக்கும் என்பதைக் குட்டி வீட்டுக்கு வரும் முன்பே விசாரித்து வைப்பது, நள்ளிரவில் அலைபேசியில் தேடுவதைவிட மேல்.

கடித்தால், கீறினால்

நோயுற்ற குட்டியைக் கையாளும்போது கடி படுவது உண்டு. தெருவிலிருந்து வந்த குட்டி எனில் வெறிநோய் ஆபத்தைப் புறந்தள்ள இயலாது; குட்டி என்பதால் அந்நோய் வராது என்ற நம்பிக்கை தவறு. காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோலுக்குள் செலுத்தப்படும் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடப்படுகிறது. ரத்தம் வரும் கடியாயின் காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத ஊசியும் தேவை. வெறிநோய் ஆய்வுக்கான உலக சுகாதார அமைப்பின் ஒத்துழைப்பு மையம் பெங்களூரு நிம்ஹான்ஸில் செயல்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது. குட்டியின் ரோமம் வட்டமாக உதிர்ந்து, வீட்டில் ஒருவருக்கும் படர்தாமரை தோன்றினால் இருவருக்கும் ஒருசேரச் சிகிச்சை வேண்டும். கருவுற்ற பெண்கள் மணல் தட்டைச் சுத்தம் செய்யும் பணியைப் பிறரிடம் விட்டுவிடலாம். பூனையை வீட்டை விட்டு அனுப்பத் தேவையில்லை.

தடுப்பூசி அட்டையில் என்ன பார்ப்பது?

‘ஊசி எல்லாம் போட்டாயிற்று’ என்ற வாய்மொழியை ஏற்க வேண்டாம். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டும், தேதியும், மருத்துவரின் கையொப்பமும் அட்டையில் இருக்க வேண்டும். பார்வோ, ஹெர்பிஸ், கலிசி மூன்றுக்கும் எதிரான கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை 2 முதல் 4 வார இடைவெளியில் போடப்பட வேண்டும் என்பது உலகச் சிறுபிராணிகள் கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். பலமுறை போடுவதற்குக் காரணம் உண்டு. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் குட்டியின் ரத்தத்தில் இருக்கும் வரை அது தடுப்பூசியையும் செயலிழக்கச் செய்துவிடும். அது எந்த வாரத்தில் மறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒரே ஓர் ஊசி போட்ட குட்டிக்கும் பார்வோ வருவது இதனால்தான்.

வீட்டில் முன்பே பூனை இருந்தால், புதிய குட்டியை இரண்டு வாரம் தனி அறையில், தனிக் கிண்ணம், தனி மணல் தட்டுடன் வைக்க வேண்டும். முதலில் பழைய பூனையைக் கவனித்துவிட்டுப் பின்னர் புதிய குட்டியிடம் செல்ல வேண்டும்; வந்ததும் கைகழுவி உடை மாற்ற வேண்டும். வைரஸ் காலணியிலும் ஆடையிலும் ஒட்டிக்கொண்டு வரக்கூடியது.

பார்வோவால் குட்டியை இழந்த வீட்டார் துயரம் தாளாமல் அடுத்த வாரமே இன்னொரு குட்டியைக் கொண்டுவருவதும், அதுவும் அதே அறையில் இறந்துபோவதும் நிகழ்கின்றன. இந்த வைரஸ் தரையிலும் மெத்தையிலும் ஓராண்டு வரை உயிர்ப்புடன் இருக்கும். ஃபினாயில் இதற்குப் பயன்படாது. அதன் ஆவியும், ஈரத் தரையை மிதித்த பாதத்தை நக்குவதும் பூனைக்கே நஞ்சாகும். முதலில் சோப்பு நீரால் கறையை நீக்கிவிட்டு, சுமார் 5 சதவீதச் செறிவுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் ஒரு பங்குக்கு 32 பங்கு நீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். கழிப்பறை ஆசிடுடன் இதனைக் கலந்தால் நச்சுவாயு எழும். மெத்தை, மரத் தட்டு, பூனை கீறிய கயிறு போன்ற, ஊறவைத்துக் கழுவ இயலாதவற்றை அகற்றிவிட வேண்டும். அடுத்த பூனை அந்த வீட்டுக்குள் நுழையும்போது 16 வாரம் கடந்து, தடுப்பூசித் தவணைகளை முடித்ததாக இருக்க வேண்டும்.